பச்சிளங்குழந்தை மரணங்கள்: மேற்கு வங்கத்தில் படுக்கைகள் பெருகின, அடுத்த தேவை சிகிச்சையின் தரம்

கொல்கத்தா: அரசு மருத்துவமனை ஒன்றில் சில நாட்களுக்குள் பல பச்சிளங்குழந்தைகள் உயிரிழக்கும்போதெல்லாம், மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ ஒரே விளக்கமே அளிக்கப்படுகிறது. குழந்தைகள் மிக மோசமான நிலையில் வேறு மருத்துவமனைகளில் இருந்து கொண்டுவரப்பட்டன, அவை மிகவும் எடை குறைந்தவை, சிகிச்சையில் அலட்சியம் இல்லை என்பதே அந்த விளக்கத்தின் சாரம். கொல்கத்தாவில் உள்ள பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனையில் 2011-ஆம் ஆண்டு நிகழ்ந்த மரணங்களின்போதும், முர்ஷிதாபாத் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2023-ஆம் ஆண்டு நிகழ்ந்த மரணங்களின்போதும் இதே பொருளில்தான் பதில் அளிக்கப்பட்டது.

இந்த விளக்கம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால், அது அடுத்த கேள்விக்கு இட்டுச் செல்கிறது. குழந்தைகள் ஏன் அவ்வளவு மோசமான நிலையில் வந்து சேர்ந்தன? பிறந்த இடத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் அவற்றுக்கு என்ன செய்யப்பட்டது? வழியில் அவற்றின் உடல் வெப்பமும் சுவாசமும் எவ்வாறு கவனிக்கப்பட்டன? மாநிலத்தில் பச்சிளங்குழந்தை மரணங்களை இனி எந்த அளவுக்குக் குறைக்க முடியும் என்பது இக்கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்தே அமையும்.

புள்ளிவிவரங்கள் கூறுவது என்ன?

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவடைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சிசு மரண விகிதம் எனப்படுகிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறை ஆய்வின்படி, தேசிய அளவில் 2011-இல் 44 ஆக இருந்த இந்த விகிதம் 2020-இல் 28 ஆகவும், 2023-இல் 25 ஆகவும் குறைந்துள்ளது. மேற்கு வங்கத்தில் இது 2011-இல் 32 ஆகவும், 2020-இல் 19 ஆகவும் பதிவானது. 9 ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருப்பது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். இதே காலத்தில் தமிழ்நாட்டில் 22-இல் இருந்து 13 ஆகவும், கேரளத்தில் 12-இல் இருந்து 6 ஆகவும் விகிதம் குறைந்தது.

எனினும், மரணங்கள் எப்போது நிகழ்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டியுள்ளது. 2020-ஆம் ஆண்டு தேசிய அளவில் 1,000 பிறப்புகளுக்கு நிகழ்ந்த 28 சிசு மரணங்களில் 20 மரணங்கள் பிறந்த 28 நாட்களுக்குள் நிகழ்ந்தவை. அவற்றிலும் 15 மரணங்கள் முதல் வாரத்திலேயே நிகழ்ந்தவை. தடுப்பூசியும் வயிற்றுப்போக்கு சிகிச்சையும் ஊட்டச்சத்துத் திட்டங்களும் ஒரு மாதத்தைக் கடந்த குழந்தைகளின் மரணங்களைப் பெருமளவு குறைத்துள்ள நிலையில், எஞ்சியுள்ள மரணங்கள் பிரசவ அறையைச் சுற்றியும் அதையடுத்த சில நாட்களிலும் குவிந்துள்ளன.

மேற்கு வங்கத்திலும் இதே நிலைதான். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 1,000 பிறப்புகளுக்கு 22 சிசு மரணங்கள் நிகழ்கின்றன. அவற்றில் 15.5 மரணங்கள் முதல் 28 நாட்களில் நிகழ்பவை. அதே ஆய்வு, மாநிலத்தில் 91.7 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடைபெறுவதாகத் தெரிவிக்கிறது. முந்தைய ஆய்வில் இது 75.2 சதவீதமாக இருந்தது.

இந்த இரு விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். தாய்மார்களை மருத்துவமனைக்கு வரவழைக்கும் பணி பெருமளவு நிறைவேறியுள்ளது. 2005-இல் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா திட்டமும், 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டமும் அதற்கு உதவின. இன்று உயிரிழக்கும் பச்சிளங்குழந்தைகளில் பெரும்பாலானவை மருத்துவமனையை ஒருபோதும் எட்டாதவை அல்ல. ஏதோ ஒரு மருத்துவ நிலையத்தில் பிறந்தவை அவை. எனவே, பிரச்சினை மருத்துவ வசதியை எட்டுவதில் இருந்து, எட்டிய இடத்தில் கிடைக்கும் சிகிச்சையின் தரத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது.

மீண்டும் மீண்டும் நிகழ்ந்தவை

கொல்கத்தாவின் கிழக்குப் பகுதியில் ஃபூல்பாகானில் அமைந்துள்ள பி.சி. ராய் மருத்துவமனை, மாநிலத்தில் குழந்தைகளுக்கான முதன்மையான அரசு மருத்துவமனையாகும். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஏறத்தாழ இரண்டே நாட்களில் 15-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு உயிரிழந்தன. அப்போது மம்தா பானர்ஜி தலைமையிலான அரசு பொறுப்பேற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. சுகாதாரத் துறையும் முதலமைச்சரிடமே இருந்தது. உறவினர்கள் போராட்டம் நடத்தினர். விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் மால்டா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தொடர் குழந்தை மரணங்கள் பதிவாயின.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் பஹரம்பூரில் உள்ள முர்ஷிதாபாத் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குள் 9 பச்சிளங்குழந்தைகள் உயிரிழந்தன. ஜங்கிபூர் துணைக்கோட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சீரமைப்புப் பணி நடைபெற்று வந்ததால், அங்கிருந்து நோயுற்ற குழந்தைகள் அனைத்தும் பஹரம்பூருக்கு அனுப்பப்பட்டு வந்ததாக அப்போது விளக்கம் அளிக்கப்பட்டது. உயிரிழந்த குழந்தைகளில் பல மிகக் குறைந்த எடை கொண்டவை என்றும் மருத்துவமனை நிர்வாகம் தெரிவித்தது.

முர்ஷிதாபாத் நிகழ்வு குறிப்பாக ஆராயத்தக்கது. ஒரு மருத்துவமனையில் நடைபெற்ற கட்டடச் சீரமைப்பு, வேறொரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நெருக்கடியை ஏற்படுத்தியது. சீரமைப்புப் பணி தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். ஆனால், அந்தக் காலத்தில் அப்பகுதியில் பிறக்கும் குழந்தைகளுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்பதும், கூடுதல் குழந்தைகளை ஏற்கும் மருத்துவமனைக்குக் கூடுதல் செவிலியர்களும் கருவிகளும் கிடைத்தனவா என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

இத்தகைய நிகழ்வுகள் மேற்கு வங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 2017-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர், 2019-இல் ராஜஸ்தானின் கோட்டா, 2023-இல் மகாராஷ்டிரத்தின் நாந்தேட் ஆகிய நகரங்களின் அரசு மருத்துவமனைகளிலும் தொடர் குழந்தை மரணங்கள் நாட்டை உலுக்கின. ஒவ்வொரு முறையும் கடைசியாகச் சிகிச்சை அளித்த பெரிய மருத்துவமனையே விசாரணையின் மையமானது. குழந்தை அங்கு வந்து சேர்வதற்கு முன் கடந்துவந்த இடங்கள் பெரும்பாலும் பேசப்படவில்லை.

புருலியா காட்டிய வழி

பச்சிளங்குழந்தை சிகிச்சையைத் தலைநகரில் இருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பதை நாட்டுக்கு எடுத்துக்காட்டியதில் மேற்கு வங்கத்துக்கே முக்கியப் பங்கு உண்டு. ஜார்க்கண்ட் எல்லையை ஒட்டிய பின்தங்கிய மாவட்டமான புருலியாவின் மாவட்ட மருத்துவமனையில், 2003-ஆம் ஆண்டு நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. கொல்கத்தா எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவ நிபுணர் அருண் சிங் இம்முயற்சியில் முன்னின்றார். மாநில அரசும் யுனிசெஃப் அமைப்பும் இதற்குத் துணை நின்றன.

உயர்தொழில்நுட்பக் கருவிகளை நம்பி இந்தப் பிரிவு உருவாக்கப்படவில்லை. குழந்தையை வெப்பமாக வைத்திருக்கும் வார்மர், மஞ்சள் காமாலைக்கான ஒளி சிகிச்சை, ஆக்சிஜன், கட்டுப்படுத்தப்பட்ட அளவில் திரவங்கள், கிருமித்தொற்றைத் தடுக்கும் கடுமையான ஒழுங்கு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகியவையே அதன் அடிப்படை. செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க, மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்ட இத்தகைய முயற்சிகளில் உள்ளூரைச் சேர்ந்த இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்து, பச்சிளங்குழந்தை உதவியாளர்களாகச் செவிலியர்களுடன் பணியாற்றச் செய்யும் முறையும் பரிசோதிக்கப்பட்டது.

புருலியா மாதிரி என்று அழைக்கப்பட்ட இந்த அனுபவம், பின்னர் நாடு முழுவதும் மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்புப் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டதற்கு முன்னோடியாக அமைந்தது. 2011-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் இப்பிரிவுகளுக்கான செயல்பாட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பிரசவ அறையில் ஒரு பச்சிளங்குழந்தை பராமரிப்பு இடம், முதல்நிலைப் பரிந்துரை மருத்துவமனைகளில் குழந்தையின் நிலையைச் சீராக்கும் பிரிவு, மாவட்ட அளவில் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு என மூன்று அடுக்குகளை அது வகுத்தது.

2011-ஆம் ஆண்டு மரணங்களுக்குப் பின்னர் மேற்கு வங்க அரசு, தாய்-சேய் நலனுக்கென மருத்துவர் திரிதிப் பானர்ஜி தலைமையில் உயர்நிலைப் பணிக்குழுவை அமைத்தது. அரசின் கூற்றுப்படி, 2011-இல் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகள் பின்னர் 60-ஐக் கடந்தன. சிசு மரண விகிதம் குறைந்ததில் இந்த விரிவாக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது.

ஆனால், மூன்று அடுக்குகளில் மேல் அடுக்கே அதிக கவனத்தைப் பெறுகிறது. புதிய பிரிவு திறக்கப்படுவது செய்தியாகிறது. கீழ் அடுக்கில், நள்ளிரவில் பிறக்கும் குழந்தை அழாதபோது முகமூடி வழியே காற்றைச் செலுத்தத் தெரிந்த ஒருவர் பணியில் இருக்கிறாரா என்பது எந்த விழாவிலும் இடம்பெறுவதில்லை.

முதல் ஒரு மணி நேரம்

குறைப்பிரசவமும் எடைக் குறைவும், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகிய மூன்றுமே பச்சிளங்குழந்தை மரணங்களின் முதன்மைக் காரணங்களாகும். இம்மூன்றிலும் பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் மேற்கொள்ளப்படும் எளிய நடவடிக்கைகள் முடிவை மாற்ற வல்லவை.

பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்கு மூச்சுவிடத் தொடங்க ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உடலைத் துடைத்து உலர்த்துவதும், முதுகை மெல்லத் தேய்ப்பதும் போதும். எஞ்சியவற்றுக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்று செலுத்தப்பட வேண்டும். இக்கருவி விலை உயர்ந்ததல்ல. மின்சாரமும் தேவையில்லை. ஆனால், அதைப் பிடிக்கும் கைக்குத் தொடர் பயிற்சி தேவை. இதற்கென 2009-ஆம் ஆண்டு நவஜாத் சிசு சுரக்ஷா திட்டம் தொடங்கப்பட்டது. ஒருமுறை பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர் பல மாதங்கள் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பின்றி இருந்தால் திறன் மங்கிவிடும். மாதம் சில பிரசவங்களே நடைபெறும் சிறிய நிலையங்களில் இது இயல்பாகவே நிகழ்கிறது.

அடுத்தது உடல் வெப்பம். பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஈரம் துடைக்கப்படாமல், காற்றோட்டமான அறையில், தாயிடம் இருந்து பிரித்து வைக்கப்படும் குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்தாகும். குளிர்ந்த குழந்தையின் இரத்தச் சர்க்கரை குறைகிறது, மூச்சு தடுமாறுகிறது. இந்த நிலையில் வந்து சேரும் குழந்தையைத்தான் பெரிய மருத்துவமனையின் பதிவேடு, மோசமான நிலையில் கொண்டுவரப்பட்டது என்று குறிப்பிடுகிறது.

மூன்றாவது தாய்ப்பால். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதம் மட்டுமே. பெரும்பான்மையான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடைபெறும் நாட்டில் இந்த அளவு குறைவாக இருப்பது வீடுகளின் அறியாமையை மட்டும் காட்டவில்லை. பிரசவ அறையின் நடைமுறையையும் அது சுட்டுகிறது.

வழியில் நிகழ்வது

மேற்கு வங்கத்தின் மருத்துவ வசதிகள் நீண்டகாலமாகக் கொல்கத்தாவையே மையமாகக் கொண்டவை. நாட்டின் முதல் குழந்தைகள் நல மருத்துவக் கழகம் 1956-ஆம் ஆண்டு இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. எஸ்.எஸ்.கே.எம்., கொல்கத்தா மருத்துவக் கல்லூரி, என்.ஆர்.எஸ்., ஆர்.ஜி. கர் ஆகிய மருத்துவமனைகளை நோக்கி மாவட்டங்களில் இருந்து நோயாளிகள் தொடர்ந்து அனுப்பப்படுகின்றனர். ஒரு மருத்துவமனையில் இடமில்லை என்றால் அடுத்த மருத்துவமனைக்கு அலைய நேரிடுவது பெரியவர்களுக்கே துன்பம் தருவது. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைக்கு அந்த அலைச்சலே மரணத்துக்குக் காரணமாகலாம்.

2024-ஆம் ஆண்டு ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து போராடிய இளநிலை மருத்துவர்கள் முன்வைத்த 10 கோரிக்கைகளில், மையப்படுத்தப்பட்ட பரிந்துரை முறையும், காலிப் படுக்கைகளின் எண்ணிக்கையை மின்னணு முறையில் காட்டும் ஏற்பாடும் இடம்பெற்றிருந்தன. அதன் பின்னர், அதே ஆண்டு அக்டோபரில் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் சோனார்பூர் ஊரக மருத்துவமனையில் இருந்து எம்.ஆர். பாங்கூர் மருத்துவமனைக்கு நோயாளிகளை அனுப்புவதில் இம்முறை சோதனை அடிப்படையில் தொடங்கப்பட்டது.

படுக்கை இருப்பதை உறுதிசெய்த பின்னரே நோயாளியை அனுப்புவது என்ற இந்த ஏற்பாடு, பச்சிளங்குழந்தைகளுக்கு எவரையும்விட இன்றியமையாதது. ஆனால், அவர்களுக்குப் படுக்கை எண் மட்டும் போதாது. புறப்படும் முன் குழந்தையின் வெப்பநிலையும் இரத்தச் சர்க்கரையும் சீராக்கப்பட வேண்டும். முதல் தவணை நோய் எதிர்ப்பு மருந்து தேவைப்பட்டால் அங்கேயே செலுத்தப்பட வேண்டும். வழியில் தாயின் மார்போடு சேர்த்தோ, வெப்பமூட்டும் கருவியிலோ குழந்தை வைக்கப்பட வேண்டும். தாய் உடன் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவையின் கீழ் பச்சிளங்குழந்தைகளுக்கென இன்குபேட்டர் வசதி கொண்ட தனி ஆம்புலன்ஸ்கள் இயங்குவது இத்தேவையை உணர்ந்த ஏற்பாடாகும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த போக்குவரத்து, குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நடைபெறுவதுதான். குறைப்பிரசவம் ஏற்படும் எனத் தெரிந்த தாயை முன்கூட்டியே உரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, பிறந்த பின் குழந்தையை அனுப்புவதைவிடப் பாதுகாப்பானது. அதற்கு முன் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடப்பட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி விரைவுபடும். உலக சுகாதார அமைப்பு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் மேற்கொண்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஊசி பெற்ற தாய்மார்களின் குறைமாதக் குழந்தைகளில் இறப்பு 23.5 சதவீதத்தில் இருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது உறுதியானது. இம்மருந்து மிக மலிவானது. கர்ப்ப காலத்தைத் துல்லியமாகக் கணிப்பதும், உரிய நேரத்தில் முடிவெடுப்பதுமே சவாலாகும்.

பிரிவுக்குள் இருக்கும் ஆபத்துகள்

சிறப்புச் சிகிச்சைப் பிரிவில் ஒரு ஷிஃப்டில் 3 அல்லது 4 படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். ஒரு வார்மரில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் படுக்க வைக்கப்படும்போது இந்தக் கணக்கு பொருளிழந்து விடுகிறது. ஒரே செவிலியர் பல குழந்தைகளை அடுத்தடுத்துத் தொடும்போது, ஒவ்வொரு முறையும் கை கழுவ அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. தொற்று ஒரு குழந்தையிடம் இருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது.

தில்லியின் மூன்று அரசு மருத்துவமனைகளில் மேற்கொள்ளப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு இந்த ஆபத்தின் அளவைக் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளில் சுமார் 14 சதவீதம் இரத்தத் தொற்றுக்கு உள்ளாயின. மொத்த மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அதுவே காரணமாக இருந்தது. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் பல, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாதவையாக இருந்தன. இத்தொற்றுகளில் பெரும்பாலானவை பிறந்த மூன்று நாட்களுக்குள் ஏற்பட்டவை என்பது, பிரசவ அறையின் தூய்மையையும் கேள்விக்குள்ளாக்கியது.

நெரிசலுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பண்டாராவில் 2021 ஜனவரியிலும், உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் 2024 நவம்பரிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளில் ஏற்பட்ட தீ விபத்துகளில் தலா 10 குழந்தைகள் அன்றிரவே உயிரிழந்தன. ஆக்சிஜனும் இடைவிடாது இயங்கும் மின்கருவிகளும் நிறைந்த இடத்தில், கொள்ளளவுக்கு மேல் குழந்தைகளைச் சேர்ப்பது மருத்துவப் பிரச்சினை மட்டுமன்று, பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும்.

மருந்தின் தரமும் மேற்பார்வையும் எவ்வளவு முக்கியம் என்பதை மேற்கு வங்கம் 2025 ஜனவரியில் மீண்டும் உணர்ந்தது. மேதினிபூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிசேரியன் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு தாய் உயிரிழந்தார். மேலும் சில தாய்மார்கள் கவலைக்கிடமாகினர். செலுத்தப்பட்ட திரவ மருந்தின் தரம், மூத்த மருத்துவர்கள் பணியில் இல்லாமை ஆகிய இரண்டும் சர்ச்சைக்குள்ளாயின. 12 மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தாயைப் பாதுகாக்காத பிரசவ அறை குழந்தையையும் பாதுகாக்க இயலாது.

தாயே மருந்து

இவை அனைத்துக்கும் பெரும் முதலீடு தேவை என்று கருத வேண்டியதில்லை. 1978-இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கப்பட்ட கங்காரு தாய் பராமரிப்பு முறை, இன்று எடை குறைந்த குழந்தைகளுக்கான மிகச் சிறந்த சிகிச்சைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. குழந்தையின் தோல் தாயின் மார்போடு ஒட்டியிருக்குமாறு நீண்ட நேரம் அணைத்து வைத்திருப்பதே இம்முறையாகும்.

முன்பு, குழந்தையின் நிலை சீரான பின்னரே இதைத் தொடங்க வேண்டும் எனக் கூறப்பட்டது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு இக்கருத்தை மாற்றியது. பிறந்தவுடனேயே தொடங்கப்பட்ட கங்காரு பராமரிப்பில் 28 நாட்களுக்குள் இறப்பு 12 சதவீதமாகவும், வழக்கமான முறையில் 15.7 சதவீதமாகவும் இருந்தது. அதாவது, இறப்பு கால் பங்கு குறைந்தது. இதையடுத்து 2022-இல் உலக சுகாதார அமைப்பு தனது பரிந்துரையைத் திருத்தியது.

இதை நடைமுறைப்படுத்த, தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே படுக்கை அளிக்கப்பட வேண்டும். மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் ஒரே இடத்தில் இருவரையும் கவனிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று குழந்தையைப் பார்க்கும் பார்வையாளராகத் தாயை நடத்தும் பழக்கம் முடிவுக்கு வர வேண்டும். தாய்ப்பால் விஷயத்தில் கொல்கத்தா ஏற்கனவே ஒரு படி முன்னேறியுள்ளது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்ட நிலையில், எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் 2013-ஆம் ஆண்டு 'மதுர் ஸ்நேகா' என்ற தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்கு இது பெரும் துணையாகும்.

பிரசவத்துக்கு முன்னும், வீடு திரும்பிய பின்னும்

மருத்துவமனைக்கு வெளியே உள்ள காரணங்களையும் புறக்கணிக்க இயலாது. மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுடைய பெண்களில் 41.6 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன் திருமணம் செய்து வைக்கப்பட்டவர்கள் என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது. தமிழ்நாட்டில் இது 12.8 சதவீதம். 15 முதல் 19 வயதுடைய பெண்களில் 16.4 சதவீதம் பேர் ஆய்வின்போது தாய்மை அடைந்தோ கருவுற்றோ இருந்தனர். உடல் வளர்ச்சி முழுமையடையாத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். 2013-இல் தொடங்கப்பட்ட கன்யாஸ்ரீ திட்டம் பெண்களைப் பள்ளியில் தக்கவைப்பதற்காக சர்வதேசப் பாராட்டைப் பெற்ற போதிலும், திருமண வயதில் போதிய மாற்றம் ஏற்படவில்லை என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

அதேபோல், சிறப்புப் பிரிவில் இருந்து வீடு திரும்பும் குழந்தை ஆபத்தைக் கடந்துவிட்டதாகக் கருதிவிட முடியாது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது விதி. பால் குடிக்க மறுத்தல், வேகமான மூச்சு, உடல் சில்லிடுதல் ஆகிய அறிகுறிகளை அவர் கண்டறிந்தால் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனையை எட்டும். வருகை நடைபெற்றது எனப் படிவத்தில் குறிப்பதற்கும், குழந்தையின் ஆடையை விலக்கி மூச்சை எண்ணிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் தரத்தைத் தீர்மானிக்கிறது.

எதை அளவிட வேண்டும்?

2014-இல் வெளியிடப்பட்ட இந்தியப் பச்சிளங்குழந்தை செயல்திட்டம், 2030-க்குள் பச்சிளங்குழந்தை மரண விகிதத்தை ஒற்றை இலக்கத்துக்குக் குறைக்க இலக்கு நிர்ணயித்துள்ளது. பிரசவ அறையின் தரத்துக்காக 2017-இல் 'லக்ஷ்யா' திட்டமும், குழந்தைகளுக்கான சேவைகளின் தரத்துக்காக 2021-இல் 'முஸ்கான்' திட்டமும் மத்திய அரசால் தொடங்கப்பட்டன. தரச்சான்று பெறும் முறை இவற்றில் உண்டு. ஆனால், ஆய்வுக்குழு வரும் நாளில் ஒழுங்காக இருக்கும் பிரிவு, விடுமுறை நாளின் இரவிலும் அவ்வாறே இருக்கிறதா என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை.

எனவே, அளவீடுகள் மாற வேண்டும். எத்தனை படுக்கைகள், எத்தனை சேர்க்கைகள், எத்தனை மரணங்கள் என்பதோடு வேறு சில எளிய விவரங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு இடத்தில் இருந்து வரும் குழந்தையின் உடல் வெப்பநிலை வந்து சேரும்போது எவ்வளவு? எந்த நிலையத்தில் இருந்து வந்தது? புறப்பட்டது முதல் சேர்க்கப்பட்டது வரை எவ்வளவு நேரம் ஆனது? தாய் உடன் வந்தாரா? குறைமாதப் பிரசவத்துக்கு முன் ஊசி போடப்பட்டதா? இந்த ஐந்து விவரங்களும் அனுப்பிய மருத்துவமனைக்கு மாதந்தோறும் திருப்பி அனுப்பப்பட்டால், எந்த இடத்தில் பயிற்சி தேவை, எந்த இடத்தில் வார்மர் பழுதடைந்துள்ளது என்பது தானே தெரியவரும்.

ஒவ்வொரு குழந்தை மரணத்தையும் ஆய்வு செய்வதற்கான தேசிய வழிகாட்டுதல் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு 1990-களிலேயே தாய்மார் மரணங்களைத் தணிக்கை செய்யத் தொடங்கி, யாரைத் தண்டிப்பது என்பதைவிட எது தவறியது என்பதைக் கண்டறிவதில் கவனம் செலுத்தியது. அந்த அனுபவம் இங்கும் பொருந்தும். பணியிடை நீக்கமும் வார்டு முன் நடைபெறும் மோதலும் தவறுகளை மறைக்கவே ஊழியர்களைத் தூண்டும். பெயர் குறிப்பிடாமல் தொகுக்கப்பட்டு வெளியிடப்படும் தணிக்கை முடிவுகள், தவறுகளைத் திருத்த உதவும். பெற்றோருக்கும் தங்கள் குழந்தை ஏன் இறந்தது என்பதை எளிய மொழியில் எடுத்துரைக்கும் கடமை மருத்துவமனைக்கு உண்டு.

மேற்கு வங்கம் புருலியாவில் தொடங்கிய முயற்சி, மாவட்டத்திலேயே குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்று 20 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டியது. அன்று பயன்பட்டவை வெப்பம், தூய்மை, தாய்ப்பால், பயிற்சி பெற்ற கைகள் ஆகியவையே. அவை பிரசவம் நடைபெறும் ஒவ்வொரு நிலையத்திலும், பகலிலும் இரவிலும் கிடைக்கச் செய்வதே எஞ்சியுள்ள பணியாகும். அது நிறைவேறும் வரை, கொல்கத்தாவின் பெரிய மருத்துவமனைகளுக்குக் குழந்தைகள் மோசமான நிலையிலேயே வந்து சேரும். அந்த விளக்கமும் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டேயிருக்கும்.